படகில் ஓர் ஓட்டை

டொராண்டோ என்றால் கனடா என்றுதான் நினைக்கிறார்கள்.
தூத்துக்குடியில் என் சித்தப்பா மகள்
இன்னும் "பனி விழுதா?" என்று கேட்கிறாள்.
இது இன்னொரு டொராண்டோ,
சிட்னிக்கு வடக்கே, மக்வாரி ஏரிக்கரையில்.
பனி கிடையாது. மழை உண்டு.

மூன்று நாள் மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தோம்.
விருந்தில் அளவு மீறித் தின்றவன்
எழ முடியாமல் உட்கார்ந்திருப்பதுபோல்
பின்புறம் தாழ்ந்து கிடந்தது பதினாறடிப் படகு.
அருள்நம்பி வாளி தேடினான்.
நான் ஒரு விரலை முக்கி நாக்கில் வைத்தேன்.
"கருமம்" என்றான்.

உப்பில்லை.
கடலுக்கு வாய் திறந்த ஏரி இது,
அதன் தண்ணீர் என்றால் கரிக்கும்.
இது வானத்துத் தண்ணீர், கொஞ்சம் பெட்ரோல்,
போன மாதத்து இறால் தலை.
படகு ஒழுகவில்லை. நனைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கடையில் அவன் கை பெரிய பெட்டிக்கே போனது:
மணிக்கு ஆயிரத்து நூறு கேலன்.
மார்னி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தாள்.
குழாய் இல்லாமல், உயரம் இல்லாமல்,
நிறைந்த பாட்டரியில் அளந்த எண் அது.
ஒரு மீட்டர் தூக்கு, ஒரு வளைவு கொடு,
பாதியை மறந்துவிடு.

எனக்குத் தெரியும்.
டயாலிசிஸ் பிரிவில் பதினொரு வருடம்.
எண் வேறு, ஓட்டம் வேறு என்று
குழாய் மடிந்த ஒவ்வொரு முறையும்
அலாரம் எனக்குக் கத்திச் சொல்லியிருக்கிறது.
உள்ளே வரிவரியாய் நெளிந்த மலிவுக் குழாயை அவன் எடுத்தான்.
பிடுங்கி வைத்துவிட்டு
உட்புறம் வழுவழுத்ததை எடுத்தேன். விலை மூன்று மடங்கு.
பதிலுக்குப் பெரிய பம்பை விட்டுக்கொடுத்தேன்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு
நாங்கள் வீட்டுக்குப் போய்விடுவோம். மழை போகாது.
அதனால் ஒரு கம்பி மட்டும் பாட்டரியிலிருந்து நேராக,
நடுவில் ஒரு ஃபியூஸ்,
முடிவில் தண்ணீர் வந்தால் தலைதூக்கும் ஒரு மிதவை.
இதுவரை எல்லாம் அவன் கைவேலை, சுத்தமான வேலை.

பிறகு நின்றுவிட்டான்.
தண்ணீர் வெளியேற வேண்டுமானால்
படகில் ஓட்டை போட வேண்டும்.

நீல டேப் ஒட்டினான். பென்சிலால் குறி போட்டான்.
அழித்தான். நான்கு விரல் மேலே போட்டான்.
என்னைப் பின்னால் உட்காரச் சொல்லி,
நீர்க்கோடு எங்கே ஏறுகிறது என்று பார்த்து,
இன்னும் இரண்டு விரல்.
"நீயே போடு" என்று டிரில்லை நீட்டினான்.

ஊசி நரம்புக்குள் போகும் முன்
ஒரு நொடி உண்டு. நோயாளி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.
அவன் திருப்பிக்கொண்டான்.

வெள்ளைத் தூள். கருகிய நெடி.
ஐம்பது சென்ட் அளவில் ஒரு வட்டு கழன்று வந்தது,
நடுவில் சின்னத் துளையோடு,
சட்டையில்லாத பொத்தான்.
அதைப் பைக்குள் போட்டுக்கொண்டான், ஏன் என்று சொல்லாமல்.
ஓட்டை வழியே ஏரி தெரிந்தது.
ஏரியில் ஒரு கூழைக்கடா.

பசை காயும்வரை ஒரு நாள் பொறுத்து
மூன்று வாளி ஊற்றினோம்.
ஒன்றும் நடக்கவில்லை.
அவன் என்னைப் பார்த்தான். நான் ஓட்டையைப் பார்த்தேன்.
குனிந்து துழாவினால்
வெட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாடாத் துண்டு ஒன்று
மிதவையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.
எடுத்தேன். டக்.
ஒரு முனகல், ஓர் இருமல், பிறகு வில்லாய் வளைந்து வெளியே.
கூழைக்கடா நாலடி நகர்ந்துகொண்டது.

வியாழன் இரவு கொட்டியது.
இரண்டு முறை எழுந்து ஜன்னலருகே போனான்.
"இந்நேரம் ஓடியிருக்குமா?"
"தூங்கு."

காலையில் அடியில் ஒரு சாண் குட்டை மட்டும்.
வெளியே வெள்ளை மேனியில், ஓட்டைக்குக் கீழே,
தேநீர் நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தது.
ஓடியிருக்கிறது.
சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
கரையில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு
விரலைக் குட்டையில் முக்கி நாக்கில் வைத்தான்.
"லேசாக் கரிக்குதோ?"

மறுபடி முக்கினான்.